நடுவில் நிற்பது எப்படி: எதிரெதிர்களைக் கையாள ஒரு வழிகாட்டி

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவரை நாம் நடுநிலையாளர் என்கிறோம். பெரும்பாலும் அவர் எதையும் எடைபோட்டிருக்க மாட்டார். இரண்டு முனையைப் பார்த்தார், மத்தியில் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான். எதிரெதிரான இரண்டுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு கிரேக்கத்திலும் இந்தியாவிலும் ஆட்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள், அவர்களைப் படித்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்றுதான்: நடு என்று ஒரே ஒரு இடம் கிடையாது. எதிர்ப்பு எந்த வகையோ அதற்குத் தக்கபடி நடுவும் மாறும். சில எதிர்ப்புக்கு நடுவே இல்லை. அதனால் நடுவைத் தேடுவதற்கு முன்னால் எதிர்ப்பைப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கான வழிமுறைதான் இது.

வெறும் தத்துவமாகப் பேசினால் கையில் நிற்காது, அதனால் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். அப்பா போய்விட்டார், உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு ஊரில் இருக்கிறது, அதில் அம்மா மட்டும் இருக்கிறார். மகன் சென்னையில், மகள் கோயம்புத்தூரில். அண்ணன் வீட்டை விற்றுவிடலாம் என்கிறான், தங்கை தொடவே கூடாது என்கிறாள். அந்த அம்மா உங்கள் அக்கா. தாய்மாமன் என்ற முறையில் உங்களை உட்கார வைத்து, "மாமா, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்கிறார்கள். இப்போது என்ன செய்வீர்கள்?

முதல் வேலை: இது எந்த வகை எதிர்ப்பு?

அரிஸ்டாட்டில் எதிர்மையை நான்காகப் பிரித்தார். ஒன்று, ஒன்றையொன்று சார்ந்தவை: இரட்டிப்பும் பாதியும் மாதிரி, அண்ணனும் தங்கையும் மாதிரி. ஒன்று இல்லாமல் மற்றதற்கு அந்தப் பெயரே கிடையாது. இரண்டாவது முரண்: கறுப்பு வெள்ளை, நல்லது கெட்டது. மூன்றாவது, ஒன்று இருப்பதும் இல்லாமல் போவதும்: பார்வையும் குருடும். இதில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார், பார்வை இருந்திருக்க வேண்டிய ஒன்றைத்தான் குருடு என்று சொல்லலாம். கல்லுக்குப் பார்வை இல்லை, ஆனாலும் கல் குருடு ஆகாது. நான்காவது, ஒரே விஷயத்தை ஆம் என்பதும் இல்லை என்பதும்: உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்திருக்கவில்லை.

வீட்டுச் சண்டையிலும் ஆபீஸ் சண்டையிலும் நமக்கு அதிகம் வேண்டியது இரண்டாவதையும் நான்காவதையும் பிரித்துப் பார்க்கும் கண். அதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். "இரண்டு பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் பொய்யாக இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் நடுவில் இடம் இருக்கிறது. முடியாது என்றால் இல்லை.

அண்ணன் "உடனே விக்கணும்" என்கிறான், தங்கை "எப்பவுமே விக்கக்கூடாது" என்கிறாள். இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது, ஆனால் இரண்டும் சேர்ந்து பொய்யாகலாம். அம்மா இருக்கும்வரை வைத்திருந்து பிறகு விற்கலாம், மாடியை வாடகைக்கு விடலாம், ஒருவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் விசாலமான இடம் கிடக்கிறது. அதுவே "இந்த வருஷம் விற்கிறோம்", "இந்த வருஷம் விற்கவில்லை" என்று நின்றால் இரண்டில் ஒன்று நடந்தே தீரும். அங்கே போய் நடுவைத் தேடினால் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுகிறோம் என்றுதான் அர்த்தம், தள்ளிப்போட்டால் அதுவும் "விற்கவில்லை" என்ற பக்கத்தில்தான் போய்ச் சேரும்.

இன்னொன்றும் நடக்கும், இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். அண்ணன் கோபத்தில், "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப எல்லாச் செலவும் நான்தான் பார்த்தேன்" என்பான். தங்கை, "நீ ஒண்ணுமே பார்க்கல" என்பாள். அவன் சொன்னதை மறுக்க அவள் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. "சில செலவை நானும் பார்த்தேன்" என்று சொன்னாலே அவனுடைய "எல்லாம்" விழுந்துவிடுகிறது. மறுப்பு போதுமான இடத்தில் எதிர் முனைக்கே தாவிவிடுவது மனித இயல்பு, அப்படித் தாவினால் இரண்டு பேருமே பொய் சொன்னவர்கள் ஆகிவிடுகிறார்கள், அப்புறம் யாரும் இறங்கி வர முடியாது. நடுவில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் மெதுவாக, "ஒண்ணுமே பார்க்கலைன்னு சொல்றியா, இல்ல எல்லாத்தையும் அவன் மட்டும் பார்க்கலைன்னு சொல்றியாம்மா?" என்று கேட்டால் போதும். சண்டையின் பாதி அளவு அந்த ஒரு கேள்வியில் இறங்கிவிடும்.

'இல்லை' என்பதை 'எதிரி' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

நம் இலக்கண ஆசிரியர்கள் எதிர்மறைக்கு மூன்று பொருள் சொல்வார்கள்: இன்மை, அன்மை, மறுதலை. அரூபம் என்றால் உருவம் இல்லாதது, அது இன்மை. இது அதுவன்று என்று வேறு ஒன்றைக் காட்டினால் அன்மை. அநீதி என்றால் நீதிக்கு நேர் எதிரானது, அது மறுதலை. மூன்றையும் ஒரே "இல்லை"யில் அடைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. "எனக்கு விக்கறதுல விருப்பமில்லை" என்று தங்கை சொன்னால், விருப்பம் இன்னும் வரவில்லையா, விற்பதை எதிர்க்கிறாளா என்று கேட்டுத் தெளிவு பண்ணுங்கள். விருப்பம் இல்லாததற்கும் எதிர்ப்பதற்கும் இடையில்தான் நடுநிலம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

நோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தப் பொத்தான் வாக்கு இயந்திரத்தில் வந்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தாலும் வேட்பாளர்களில் யார் அதிகம் வாங்கினாரோ அவர்தான் வென்றவர். 'இவர்கள் யாரும் வேண்டாம்' என்பது பதிவாகிறது, எண்ணப்படுகிறது, ஆனால் அது இன்னொரு வேட்பாளருக்கு விழுந்த வாக்காக மாறுவதில்லை. ஆதரவு இன்மைக்குத் தனியாக ஒரு கட்டம் இருப்பது நல்ல விஷயம் என்றே நினைக்கிறேன். குடும்பப் பேச்சிலும் அந்தக் கட்டத்தைத் திறந்து வையுங்கள்: "இப்போதைக்கு எந்தப் பக்கமும் இல்லை" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்க வேண்டும்.

நடுவை எண்ணில் தேடாதீர்கள்

சரி, இது நடு இருக்கிற எதிர்ப்புதான் என்று தெரிந்துவிட்டது. உடனே இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கத் தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது.

அரிஸ்டாட்டில் இதற்குச் சொன்ன உதாரணம் மைலோ என்ற குரோட்டன் நகரத்து மல்லன். ஒருவருக்குப் பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) சாப்பாடு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால், பயிற்சி கொடுப்பவர் கணக்குப்படி ஆறு மினா கொடுக்க மாட்டார். ஆறு மைலோவுக்குப் பற்றாது, அன்றைக்குத்தான் களத்தில் இறங்கிய பையனுக்கு அதிகம். பொருளுக்கு ஒரு நடு இருக்கிறது, அது எல்லாருக்கும் ஒன்று. ஆளுக்கு ஒரு நடு இருக்கிறது, அது ஆளைப் பொறுத்தது. தைரியம், கொடை, கோபம் எதுவானாலும் அவர் பேசுவது இந்த இரண்டாவது நடுவைத்தான்.

வேதியியலிலும் இதே கதைதான். நடுநிலைக் கரைசலின் பிஎச் 7 என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அது 25 டிகிரி செல்சியஸில் மட்டும் சரி. நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் சுத்தமான தண்ணீரின் நடுநிலை சுமார் 6.8. சூடு ஏற ஏறத் தண்ணீர் மூலக்கூறுகள் அதிகமாகப் பிரிகின்றன, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்தே கூடுகின்றன, இரண்டும் சமமாக இருப்பதால் தண்ணீர் இன்னும் நடுநிலையில்தான் இருக்கிறது, எண் மட்டும் இறங்கிவிட்டது. அந்தச் சமன்தான் நடு. 7 என்பது ஒரு குறிப்பிட்ட சூட்டில் அது எடுக்கிற எண். தத்துவப் பேச்சில் நூறு பக்கம் படித்தாலும் இவ்வளவு துல்லியமாக எனக்கு இது விளங்கியதில்லை.

பேரத்தில் இதை மறந்தால் ஏமாறுவோம். அண்ணன் "வீடு அறுபது லட்சம் போகும்" என்று ஆரம்பித்து, தங்கை "நான் உன் பங்கை வாங்கிக்கறேன், ஆனா வீட்டு மதிப்பு முப்பதுதான்" என்றால், நீங்கள் நாற்பத்தைந்து என்று தீர்ப்பு சொல்வீர்கள். அண்ணன் எண்பதில் ஆரம்பித்திருந்தால் உங்கள் நடு ஐம்பத்தைந்து. யார் அதிகம் கத்துகிறாரோ அவர் உங்கள் நடுவை இழுத்துக்கொண்டு போகிறார், நீங்களோ நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முனைகளை விட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள்: அந்தத் தெருவில் சமீபத்தில் பதிவான கிரயம் என்ன, அரசு வழிகாட்டி மதிப்பு என்ன, கட்டடத்தின் வயசு என்ன. விலை அங்கிருந்து வர வேண்டும். அது அண்ணன் சொன்ன அறுபதாகவே இருந்துவிட்டாலும் சரி, அறுபது என்று சொல்வதுதான் நடுநிலை. வள்ளுவர் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று சொன்னது இதைத்தான். தராசு இரண்டு தட்டையும் எப்போதும் சமமாகக் காட்டுவதில்லை, எடை எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கும். அது சமனாக இருக்க வேண்டியது எடை வைப்பதற்கு முன்னால்.

எந்த நோக்கில் என்று கேளுங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், ஏனென்றால் இந்திய மரபு கொடுத்த கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அன்றாடத்தில் அதிகம் உதவுவதும் இதுதான். சமணர்களின் சியாத்வாதம். ஒரு பொருளுக்கு எண்ணற்ற முகங்கள் உண்டு, எந்த வாக்கியமும் ஏதோ ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான் என்பது அடிப்படை. அதனால் எந்தக் கூற்றுக்கு முன்னாலும் 'ஒரு நோக்கில்' என்று சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த நோக்கைக் கட்டி நிறுத்த நான்கு முளை: பொருள், இடம், காலம், நிலை. மண்குடம் மண் என்ற பொருளாக இருக்கிறது, தங்கமாக இல்லை. இந்த ஊரில் இருக்கிறது, அந்த ஊரில் இல்லை. இப்போது இருக்கிறது, உடைந்த பிறகு இல்லை. சிவப்பாக இருக்கிறது, கறுப்பாக இல்லை.

அண்ணன் "அந்த வீடு ஒரு பாரம்" என்கிறான். தங்கை "அந்த வீடுதான் நம்ம பலம்" என்கிறாள். ஒரு தாளை எடுத்து நான்கையும் இரண்டு பேருக்கும் போட்டுப் பாருங்கள். அண்ணன் எந்தப் பொருளைப் பார்க்கிறான்? கட்டடத்தை: ஒழுகுகிற கூரை, மாற்ற வேண்டிய வயரிங், ஒவ்வொரு மழைக்கும் கூப்பிடுகிற கொத்தனார். எந்த இடத்திலிருந்து? சென்னையிலிருந்து, ஒவ்வொரு தடவையும் இரவு பஸ் பிடித்து. எந்தக் காலத்தில்? பெரியவள் கல்லூரியில் சேர இருக்கிற இந்த வருஷத்தில். எந்த நிலையில்? வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற நிலையில். தங்கை பார்க்கிற பொருள் கட்டடமே இல்லை. அம்மா விடிகாலை வாசல் தெளித்து எதிர்வீட்டுக்காரியோடு பேசுகிற இடம், மாத்திரை வாங்கித் தர ஆள் இருக்கிற தெரு. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, அம்மாவை நினைத்து, அம்மாவுக்கு இனி வருகிற பத்து வருஷத்தை வைத்துப் பேசுகிறாள்.

இப்போது பார்த்தால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிராகப் பேசவே இல்லை. பாரம் என்பது அவன் நோக்கில் முழு உண்மை, பலம் என்பது அவள் நோக்கில் முழு உண்மை. ஆளுக்குப் பாதி உண்மை என்று நீங்கள் சொன்னால் இரண்டு பேரையும் அவமானப்படுத்துகிறீர்கள். பழைய கிரேக்கத் தத்துவவாதி ஹெராக்ளிட்டஸ் கடல்தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் இப்படித்தான்: மீனுக்கு அது குடிக்கத்தக்கது, உயிர் காப்பது, மனிதனுக்குக் குடிக்க முடியாதது, அழிப்பது. கடல் பாதி நல்லது என்று அவர் சொல்லவில்லை.

சமணர்கள் இதை ஏழு படியாக விரித்தார்கள், சப்தபங்கி என்று பெயர். ஒரு நோக்கில் உண்டு. ஒரு நோக்கில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் உண்டு, இல்லை இரண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் போனால் சொல்லில் அடங்காது, அதற்கு அவக்தவ்யம் என்று பேர். மிச்சம் மூன்றும் இந்த 'அடங்காது' என்பதை முதல் மூன்றோடு சேர்த்து வருபவை. ஏழையும் ஒப்பிக்க வேண்டியதில்லை, மூன்றாவதையும் நான்காவதையும் பிரிக்கத் தெரிந்தால் போதும். "வீடு உனக்குப் பாரம், அவளுக்குப் பலம்" என்று வரிசையாகச் சொல்லலாம், அது மூன்றாவது. "சரி மாமா, மொத்தத்துல அது பாரமா பலமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்று யாராவது மடக்கினால், ஒரே வார்த்தையில் அதற்குப் பதில் இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள், அது நான்காவது. அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த முறைக்கு எதிர்ப்பும் கடுமையாக வந்தது. ஒரே பொருளில் இருப்பும் இல்லாமையும் சேர்ந்து நிற்க முடியாது என்று பிரம்மசூத்திர உரையில் சங்கரர் இதை மறுத்தார். தமிழில் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கம் சமணரை மறுக்கவே ஒரு பகுதி ஒதுக்கியது. சமணர்களின் பதில்: ஒரே நோக்கில் இரண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், முரண்பாட்டுக்கு இடமே கொடுக்காத அரிஸ்டாட்டிலும் தன் விதியை இதே நிபந்தனையோடுதான் எழுதினார்: ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில், ஒரே நோக்கில் ஒரு தன்மை இருக்கவும் இல்லாமல் இருக்கவும் முடியாது. ஆக, நோக்கைச் சொல்லாமல் "எல்லாரும் அவங்கவங்க பார்வைல சரிதான்" என்று பேசினால் அது சியாத்வாதம் ஆகாது. நோக்கை எழுதியே காட்ட வேண்டும். எழுதியதும் அடுத்து என்ன செய்வது என்பது தானாகத் தெரியும்: அண்ணனுடைய பிரச்சினை இந்த வருஷத்துப் பணம், தங்கையுடைய பிரச்சினை அம்மா இருக்கிற இடம். அண்ணன் பங்கின் பேரில் தங்கை இப்போது ஒரு தொகை கொடுக்கலாம், கூரை வேலையை அவளே ஏற்கலாம், மீதியைப் பிறகு கணக்கு முடிக்கலாம். வழி ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை, ஆனால் வழி தெரிகிறது.

தெரியாததைத் தனியாக வையுங்கள்

"நாலு வழிச்சாலை வருது, விலை ரெண்டு மடங்கு ஆகும்" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் வராது" என்பார் இன்னொருவர். இங்கே நடுவில் இருப்பது வேறு ஒரு ஆள்: தெரியாமை. அதைப் பாதி உண்மை என்று எண்ணிக்கொண்டால் தப்பு நடக்கும்.

டேட்டாபேஸ் வேலை செய்தவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். நூறு பேர் பட்டியல் இருக்கிறது, அறுபது பேர் ஊர் மதுரை, முப்பது பேருக்கு வேறு ஊர், பத்து பேருக்கு ஊர்க் கட்டம் நிரப்பப்படவில்லை. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழியான எஸ்க்யூஎல்லில் அந்த வெற்றுக் கட்டத்தை 'நல்' என்பார்கள். ஊர் மதுரையாக உள்ளவர்களைக் கேட்டால் அறுபது வரும். ஊர் மதுரையாக இல்லாதவர்களைக் கேட்டால் நாற்பது வரும் என்று நினைப்போம், முப்பதுதான் வரும். அந்தப் பத்து பேர் இரண்டு பக்கமும் சேராமல் மாயமாகிவிடுவார்கள், ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை இரண்டு கேள்விக்குமே விடை 'தெரியாது', கேள்வி கேட்டவருக்கு 'உண்மை' என்று வந்தவர்கள் மட்டும்தான் வேண்டும். ஊர் நிரப்பாதவர்கள் யார் என்று மூன்றாவதாக ஒரு கேள்வி போட்டால்தான் அவர்கள் கிடைப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இது.

இதையே தத்துவமாக எடுத்துப் போனவர் ருமேனியாவில் பிறந்து நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ஃப்ளோரென்டின் ஸ்மரன்டாக்கே. 1990களில் அவர் கொண்டுவந்த நியூட்ரோசோஃபி என்ற சிந்தனையில் ஒரு கருத்து, அதன் எதிர்க்கருத்து, இரண்டும் சாராத நடு, மூன்றும் சேர்ந்தே வரும். ஒரு கூற்றுக்கு உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு, தீர்மானிக்க முடியாதது எவ்வளவு என்று மூன்று மதிப்பெண், மூன்றும் தனித்தனி, கூட்டினால் ஒன்று வர வேண்டிய கட்டாயம் இல்லை. 1965இல் லோட்ஃபி ஜாதே என்ற அறிஞர் கொண்டுவந்த ஃபஸ்ஸி கணத்தில் (ஆம், இல்லை என்று மட்டும் நிற்காமல் 0 முதல் 1 வரை அளவாகச் சொல்கிற முறை) ஒரு கூற்று 0.6 உண்மை என்றால் மிச்சம் 0.4 என்று தானாக வந்துவிடும், இங்கே அப்படி வராது.

கணிதம் எல்லாம் வேண்டாம், பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலை வரும் என்பதற்குக் கையில் இருக்கிற ஆதாரம் எவ்வளவு, வராது என்பதற்கு எவ்வளவு, ரெண்டுக்கும் இல்லாமல் இருட்டாக இருப்பது எவ்வளவு என்று மூன்றையும் தனியாகக் கேளுங்கள். இருட்டு அதிகம் என்றால் வாதத்தை நிறுத்திவிட்டு நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ ஆள் அனுப்ப வேண்டிய நேரம் அது.

சில கேள்விகளைக் கீழே வைத்துவிடுங்கள்

எல்லாச் சொத்துப் பேச்சிலும் இது வரும். "அப்பா இருந்திருந்தா விக்கவே விட்டிருக்க மாட்டார்." "அப்பாவா? அவர்தான் முதல் ஆளா வித்திருப்பார்." இதற்கு ஆம், இல்லை, இரண்டும், இரண்டும் இல்லை என்று எந்தப் பதில் சொன்னாலும் உதைக்கும்.

புத்தரிடம் வச்சகோத்தன் என்ற பரிவிராஜகன் (ஊர் ஊராகத் திரிகிற துறவி) இப்படித்தான் கேட்டான்: விடுதலை அடைந்தவர் மறுபடி பிறக்கிறாரா, பிறக்கவில்லையா, பிறந்தும் பிறக்காமலுமா, பிறக்கவும் இல்லை பிறக்காமலும் இல்லையா? நான்கும் பொருந்தாது என்றார். அவன் குழம்பிப் போனதும் ஒரு தீயைக் காட்டிக் கேட்கிறார்: உன் முன்னால் எரிந்த தீ அணைந்துவிட்டால் அது கிழக்கே போனதா, மேற்கே போனதா? எரிபொருளைச் சார்ந்து எரிந்தது, எரிபொருள் தீர்ந்ததும் அணைந்தது, போன திசை என்று கேட்பதே பொருந்தாது. கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருந்தது, அதைச் சார்ந்து பிறந்த நான்கு பதிலும் அதோடு சேர்ந்து விழுந்தன. பிற்காலத்தில் பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் இந்த நாலு முனையையும் வைத்தே மத்தியமகம் என்ற தன் நடுவழித் தத்துவத்தைக் கட்டினார். 'எல்லாம் இருக்கிறது' ஒரு முனை, 'எதுவும் இல்லை' மறுமுனை, இரண்டையும் விட்டு ததாகதர் (புத்தர் தன்னைக் குறிக்கும் பெயர்) நடுவால் போதிக்கிறார் என்று காச்சாயனர் என்ற சீடருக்குப் புத்தர் சொன்னதையும் அவர் தன் நூலில் நினைவுபடுத்துகிறார். அந்த நடு, 'கொஞ்சம் இருக்கிறது' என்பது கிடையாது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது என்று பார்ப்பதுதான் அந்த நடு. மணிமேகலை எல்லாச் சமயத்தாரிடமும் போய்க் கேட்டுவிட்டுக் கடைசியில் அறவண அடிகளிடம் கேட்டுக்கொள்வதும் இந்தச் சார்பின் கோவையைத்தான்.

அப்பா என்ன செய்திருப்பார் என்பது அணைந்த தீயின் திசை. அவர் முடிவு அன்றைய சூழ்நிலையைச் சார்ந்திருக்கும், அந்தச் சூழ்நிலை இப்போது இல்லை. இரண்டு பேரும் அப்பா பெயரில் தங்கள் ஆசையைச் சொல்கிறார்கள். "அதை யாரும் சொல்ல முடியாது, அதை விடுங்க. உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்று மாமா சொல்லிவிடலாம். மரியாதையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் துக்கம் இருக்கிறது.

நடுவில் நிற்கவே கூடாத இடம்

இதில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். அண்ணன், "பொம்பளப் பிள்ளைக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே, பங்கு எதுக்கு?" என்று கேட்டு, தங்கை "எனக்கும் சம பங்கு" என்றால், "சரி, கால் பங்கு வாங்கிக்கம்மா" என்று சொல்கிற மாமா நடுநிலையாளர் இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை, அப்பாவைப் பெற்றவள் உயிரோடு இல்லை என்றால், 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்குச் சமமாக மூன்றில் ஒன்று. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தரத் தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது, நாடு முழுக்க 2005இல் வந்தது. ஒரு பக்கம் உரிமை, மறுபக்கம் அதைப் பறிப்பது என்று இருக்கும்போது மத்தியில் கோடு போட்டால் பாதியைப் பறித்ததாக ஆகும். அரிஸ்டாட்டிலும் நடுவைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, திருட்டுக்கும் கொலைக்கும் நடு அளவு என்று ஒன்று கிடையாது என்று பிரித்துச் சொன்னார்.

பெரிய அளவில் இதை அனுபவித்த நிறுவனம் செஞ்சிலுவை. 1965இல் வியன்னாவில் அறிவித்த ஏழு அடிப்படைக் கொள்கைகளில் நடுநிலைமை ஒன்று, பாரபட்சமின்மை வேறு ஒன்று. சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல் இருப்பது நடுநிலைமை. யாருக்குத் தேவை அதிகமோ அவருக்கு முதலில் உதவுவது பாரபட்சமின்மை. இரண்டும் சேர்ந்து போனால் பிரச்சினையில்லை. 1942 அக்டோபரில் ஜெனீவாவில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கூடி, நாஜிகளால் யூத மக்கள் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்படுவது தெரிந்திருந்தும், பகிரங்க வேண்டுகோள் விடுவதில்லை என்று முடிவெடுத்தது. அந்த மௌனம் தங்கள் தோல்வி என்று அந்த அமைப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டது. நடுநிலைமையும் பாரபட்சமின்மையும் மோதினால் எதை விடுவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். என் பதில், நடுநிலைமையை விடலாம்.

உங்கள் சாய்வைச் சரிபாருங்கள்

இது கடைசியில் வந்தாலும் பேச உட்காருவதற்கு முன் செய்ய வேண்டியது. நாம் எந்தப் பக்கம் இயல்பாகச் சாய்கிறோம் என்று கவனித்து, அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே இழுக்க வேண்டும், வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அரிஸ்டாட்டிலின் யோசனை. எந்தப் பக்கம் நமக்குச் சுகமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சந்தேகப்படு என்றும் சொல்கிறார்.

நீங்கள் யார்? அந்த அம்மாவின் தம்பி. தங்கை பேசும்போது அக்காவின் முகம் உங்களுக்குத் தெரியும், அதனால் அவள் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே நியாயமாகப் படும். அண்ணன் பேசும்போது "காசு காசுன்னு அலையறான்" என்று மனசு சொல்லும். ஆகவே அவன் கணக்கை முதலில் கேளுங்கள், முழுசாகக் கேளுங்கள், கல்லூரிக் கட்டணத்தையும் கடன் தவணையையும் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். அவன் சொன்னதை அவனே "ஆமா மாமா, இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்கிற மாதிரி உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள், பிறகு தங்கையிடமும் அதே மாதிரி. இது ஆன பிறகு நான்கு முளைத் தாளை எடுக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அக்காவிடம் தனியாகப் பேசிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு அவருடையது, அவர் கையெழுத்து இல்லாமல் வீடு முழுசாக விற்பனைக்கே போகாது, இருந்தும் அண்ணன் தங்கை என்று இரண்டு பக்கம் பிரிந்த உடனே அவரை இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற பொருளாக எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் முன்னால் கேட்டால் "உங்க இஷ்டம்பா" என்பார். சமையலறையில் அவர் வேலையாக இருக்கும்போது போய், "அக்கா, நீ எங்க இருக்கணும்னு நினைக்கற?" என்று கேளுங்கள். அந்தப் பதில் விற்பது, விற்காதது இரண்டிலும் அடங்காமல் போகலாம். என்ன சொன்னாலும் அதைக் குறித்துக்கொண்டு, பேச்சு தொடங்கும்போது முதல் ஆளாக அவரையே பேசச் சொல்லுங்கள்.